கண்டியின் எல்லை வாயில்களும் குரலின் போக்குவரத்தும்

பதினேழாம் நூற்றாண்டின் கண்டி இராச்சியத்துக்கு மதில் என்று தனியே ஒன்று கட்டப்பட்டிருக்கவில்லை. சூழ நின்ற மலைகளும் அவற்றை மூடியிருந்த காடுகளுமே மதிலாகவும், ஒருவர் பின் ஒருவராகவே நடக்கக்கூடிய ஒடுங்கிய கணவாய்களே வாயில்களாகவும் அமைந்திருந்தன. 1660ஆம் ஆண்டில் கொட்டியாரக் கரையில் பிடிபட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மலைநாட்டில் கைதியாக வாழ்ந்து, 1679இல் அரிப்பு வழியாகத் தப்பிச்சென்ற ஆங்கிலேய மாலுமி ரொபட் நொக்ஸ், 1681இல் இலண்டனில் அச்சேறிய தமது நூலில் இவ்வாயில்களை நேரிற் கண்டவர் என்ற தகுதியோடு விவரித்துள்ளார். கணவாய்களின் உச்சியிலும் அடிவாரத்திலும் முட்கதவுகள் இருந்தன. இரண்டு மூன்று காவலர் எப்போதும் அங்கே நின்று வருவோரையும் போவோரையும் சோதித்தனர். கடிதங்கள் கடத்தப்படாமலும் கைதிகளும் அடிமைகளும் ஓடிவிடாமலும் பார்ப்பதே அவர்களுடைய பிரதான கடமை. யாரேனும் எதிர்த்து நின்றால் அருகிலுள்ள ஊர்களைக் கூவியழைக்கவும் அவர்களுக்கு அதிகாரம் இருந்தது.

நொக்ஸ் தரும் செய்திகளுள் நமது ஆராய்ச்சிக்கு விசேஷமாக உதவுவது அனுமதிச் சீட்டைப் பற்றியது. அது ஏட்டில் எழுதப்பட்டதன்று. களிமண்ணிற் பதிந்த முத்திரை. போர்வீரனுக்குத் தோளில் ஈட்டி தாங்கிய மனிதனின் உருவம், கூலியாளுக்குக் காவடித் தண்டின் இருமுனையிலும் பை தொங்கவிட்ட மனிதனின் உருவம், வெள்ளையனுக்கு இடையில் வாளும் தலையில் தொப்பியும் உடையவனின் உருவம் என, போகிறவனின் தொழிலுக்கேற்ப முத்திரை வேறுபட்டது. கூட்டத்தில் எத்தனை பேரோ அத்தனை முத்திரைகள் அம்மண்ணில் இருக்கவேண்டும் என்பது விதி. அரசனிருந்த நகருக்குள் வருவோருக்கு நடந்த சோதனையைவிட, அதைவிட்டு வெளியேறுவோருக்கு நடந்த சோதனை கடுமையாக இருந்தது என்பதையும் அவர் குறிப்பிட்டிருக்கிறார். எழுத்தறியாத காவலனும் இந்த ஏற்பாட்டினால் இனம் பிரிக்கவும், தலை எண்ணவும், எத்திசைச் செலவு என்று நோக்கித் தனது கண்டிப்பைக் கூட்டவும் குறைக்கவும் வல்லவனானான்.

எல்லையைக் கடப்பது எது என்பதைக் காவலன் முத்திரையிலிருந்து அறியக்கூடியதாயிருக்கும் வரையில் அவனுடைய அதிகாரம் நுண்ணியதாக, ஆளுக்கு ஆள் வேறுபடுத்தக்கூடியதாக இருக்கிறது. முத்திரையை அவனால் வாசிக்க முடியாமற் போகும்போது, கதவை முழுவதும் திறந்துவிடுவது அல்லது முழுவதும் அடைத்துவிடுவது என்னும் இரண்டைத் தவிர வேறு உபாயம் அவனிடம் இல்லை. குரலும் காணொளியும் தரவுப் பொதிகளாகப் பிரயாணம் செய்யும் இக்காலத்திலும் இந்த உண்மை மாறவில்லை என்பதையும், அதன் இரு பக்கங்களையும் கண்டியும் அதன் சுற்றுப்புறமும் 2018இலும் 2020இலும் அடுத்தடுத்துக் கண்டன என்பதையும் காட்டுவதே இக்கட்டுரையின் கருத்து.

கண்டி இராச்சியத்தைப் பிரித்தானியர் வசமாக்கிய 1815 மார்ச் மாதத்து ஒப்பந்தத்தோடு கணவாய்கள் தங்கள் காவலை இழந்தன. கடுகண்ணாவை வழியாகப் பெருந்தெரு வந்தது. 1858இல் கொழும்புக்கும் காலிக்கும் இடையே தந்தி தொடங்கிற்று. 1867இல் புகையிரதம் கண்டியை அடைந்தது. பின்னர் தொலைபேசியும் வந்தது. செப்புக் கம்பியின் யுகத்தில் குரலுக்கு எல்லை என்பது பரிவர்த்தனை நிலையத்துப் பலகையாகவே இருந்தது. கண்டியிலிருந்து வெளியூருக்குப் பேச விரும்பியவர் ட்ரங்க் கோலுக்குப் பதிந்துவிட்டுக் காத்திருக்க, பலகையின் முன் அமர்ந்த ஊழியர் யாருக்கு யார் எவ்வளவு நேரம் பேசினார் என்பதைக் குறித்துக்கொண்டார். ஒரு சம்பாஷணைக்கு ஒரு சோடிக் கம்பி. கம்பி தீர்ந்தால் கோலும் தீர்ந்தது.

அரசாங்கத் திணைக்களமாக இருந்த தொலைத்தொடர்பு, 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்தினால் கூட்டுத்தாபனமாயிற்று. 1996இல் அக்கூட்டுத்தாபனம் கம்பனியாக்கப்பட்டதோடு தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் உருவாகியது. ஆயினும் நாட்டின் எல்லையைக் கடக்கும் குரலுக்கு ஸ்ரீலங்கா டெலிகொம் நிறுவனமே 2002 ஆகஸ்ட் வரை ஏக உரித்தாளியாக இருந்தது. அந்த உரிமை முடிவுற்றபின், 2003இல் முப்பதுக்கு மேற்பட்ட புறவாயில் இயக்குநர்களுக்கு அனுமதிப்பத்திரம் வழங்கப்பட்டது. ஒரே வாயில் இருந்த இடத்தில் பல வாயில்கள் தோன்றின. வெளிநாட்டுக் கோலின் கட்டணம் விழுந்தது. 2004ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நிதிச் சட்டம் சர்வதேசத் தொலைத்தொடர்பு இயக்குநர்கள்மீது அறவீடு ஒன்றை விதித்ததோடு, வாயிலுக்குக் காவலோடு சுங்கத்தின் இயல்பும் சேர்ந்துகொண்டது.

சுங்கம் விதித்தால் கள்ளப்பாதை தோன்றாமலிருக்குமா? வளைகுடா நாடொன்றிலிருந்து கட்டுகஸ்தோட்டையிலுள்ள வீட்டுக்குத் தகப்பன் கதைக்கிறார். கைப்பேசித் திரையிலோ வெளிநாட்டு இலக்கம் அன்றி, 07 என்று தொடங்கும் உள்நாட்டு இலக்கம் ஒன்று விழுகிறது. நடுவில் எங்கோ ஓர் அறையில், பல சிம் அட்டைகளைச் செருகிய சிம் பொக்ஸ் என்னும் கருவி, இணையத்தின் வழியாக வந்த குரலை வாங்கி உள்ளூர்க் கோலாக மாற்றி அனுப்புகிறது. குரல் போய்ச் சேர்ந்துவிட்டது. அறவீடு மட்டும் போய்ச் சேரவில்லை. வெளிநாட்டவனின் முத்திரையை அழித்து உள்ளூரானின் முத்திரையைப் பதித்த இந்தத் தந்திரம், பொதி வடிவிலான குரலை வாயில் எப்படி இனங்காண்பது என்னும் வினாவைப் பணத்தின் பாஷையில் எழுப்பிற்று.

அவ்வினாவின் தொழில்நுட்ப வரலாறு 1990களின் நடுப்பகுதியில் ஆரம்பமாகிறது. 1996 ஜனவரியில் வெளியான ஆர்.டி.பி. விதி, குரலைச் சிறு பொதிகளாக்கி இணையத்தில் அனுப்பும் முறையை வகுத்தது. அதே ஆண்டில் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் எச்.323 என்னும் விதித்தொகுதியை ஏற்றது. 1999 மார்ச்சில் சிப் என்னும் விதி வெளியாகி, 2002 ஜூனில் திருத்தமான வடிவம் பெற்றது. இவற்றுள் நிலைத்தது சிப். ஒரு சம்பாஷணையை அது இரண்டாகப் பிரித்துவிடுகிறது: 'உன்னோடு பேச விரும்புகிறேன், இன்ன முகவரியில், இன்ன போர்ட்டில், இன்ன கோடெக்கில் (குரலை எண்களாக்கும் முறையில்) எனது குரலை எதிர்பார்' என்று கூறும் சமிக்ஞை ஒரு பாதையிலும், குரல் மற்றொரு பாதையிலும் செல்கின்றன. இந்தப் பிரிவு பேராற்றல் வாய்ந்தது. பெருந்தொல்லைக்கும் அதுவே காரணமாயிற்று.

தொல்லையைக் கிட்ட நின்று பார்ப்போம். பல்கலைக்கழக அறையொன்றிலுள்ள மேசைத் தொலைபேசிக்கு உட்புற வலையம் 192.168 என்று தொடங்கும் முகவரியைக் கொடுத்திருக்கிறது. அத்தகைய முகவரிகள் உள்ளே மட்டுமே செல்லுபடியாவன. வெளியே செல்லும் பொதியின் உறையிலுள்ள முகவரியை ரவுட்டர் மாற்றிவிடும். ஆனால் அழைப்புக் கடிதத்தின் உள்ளே தொலைபேசி தானே எழுதிவைத்த முகவரியை அது தொடுவதில்லை. மறுமுனையில் இருப்பவர் அந்த உள்முகவரியை நம்பித் தமது குரலை அனுப்ப, அது வழியிலேயே மறைந்துபோகிறது. மணி அடிக்கிறது, எடுக்கிறார்கள், இவர் பேசுவது அவருக்குக் கேட்கிறது, அவர் பேசுவது இவருக்குக் கேட்பதில்லை. இணையத் தொலைபேசியைத் தொடக்க காலத்தில் நிறுவிய எவரும் இந்த ஒருபக்க ஊமைத்தனத்தோடு மல்லுக்கட்டாமல் இருந்திருக்க மாட்டார்.

உட்புற வலையத்துக்குக் காவலாக நிற்கும் ஃபயர்வோல் இதற்கு மருந்தாகவில்லை. நோயை மேலும் முற்றச் செய்தது. சிப் சமிக்ஞைக்கு 5060 என்னும் போர்ட் நிச்சயமானது. குரலுக்கான போர்ட்டோ ஒவ்வொரு கோலிலும் அப்போதைக்கப்போது பேசித் தீர்மானிக்கப்படுவது. எது வரும் என்று தெரியாத காவற்காரன் ஆயிரக்கணக்கான போர்ட்டுகளைத் திறந்துவைத்தால் காவல் இல்லை. அடைத்துவைத்தால் குரல் இல்லை. இந்த முடிச்சை அவிழ்க்கப் பிறந்த சாதனந்தான், தொழிலிலுள்ளோர் எஸ்.பி.சி. என்று மூன்றெழுத்தில் வழங்கும் எல்லை வாயில். 2000இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தொடங்கிய அக்மி பாக்கெட் இத்துறையில் முன்னணிக் கம்பனியாயிற்று. 2013இல் ஒராக்கிள் அதை வாங்கிக்கொண்டது.

எஸ்.பி.சி. வழிப்போக்கனைச் சோதித்து அனுப்பிவிடும் காவலன் மட்டுமன்று. இரு தரப்புக்கும் இடையே நின்று இருவராக நடிப்பது. உள்ளிருந்து வரும் அழைப்பை அது தானே ஏற்று முடித்துக்கொண்டு, வெளியே புதிய அழைப்பொன்றைத் தன் பெயரால் எழுப்புகிறது. பழைய கடிதத்தில் எழுதப்பட்டிருந்த உள்முகவரிகள் யாவும் நீங்கி, வாயிலின் முகவரி மட்டுமே புதிய கடிதத்தில் நிற்கிறது. ஆகவே மறுமுனையின் குரல் தப்பாமல் வாயிலுக்கு வந்து, அங்கிருந்து உள்ளே செல்கிறது. உட்புறத்தில் எத்தனை சேவையகங்கள், எந்தக் கம்பனியின் கருவிகள், எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்னும் இரகசியமும் இதனால் வெளியாருக்குத் தெரியாமற் போகிறது. குரலுக்கான போர்ட்டை அது சமிக்ஞையில் வாசித்து, அந்த ஒன்றை மட்டும், அந்தக் கோல் நடக்கும் வரைக்கும் மட்டும் திறந்து, பேச்சு முடிந்ததும் அடைத்துவிடுகிறது.

எண்ணும் வேலையும் அதனுடையதே. ஜி.711 கோடெக்கில் குரல் நொடிக்கு ஐம்பது பொதிகளாகச் செல்கிறது. ஒவ்வொரு பொதியிலும் குரல் 160 பைட், அதற்கு மேல் 40 பைட் உறை. ஒரு திசைக்கு 80 கிலோபிட் ஆகிறது. இரண்டு மெகாபிட் இணைப்பில் இருபத்தைந்து பேர் பேசலாம். இருபத்தாறாவது ஆளை அனுமதித்தால் அவர் ஒருவர் மட்டுமன்றி இருபத்தாறு பேரும் கெட்டுப்போவர், ஏனெனில் பொதிகள் வரிசையில் நின்று தாமதித்து எல்லாருடைய குரலும் விக்கத் தொடங்கும். ஆகவே இருபத்தாறாவது அழைப்பை வாயில் மரியாதையாக மறுத்துவிடுகிறது. ஜி.729 என்னும் சிக்கனக் கோடெக்குக்கு மாறினால் குரலுக்கு 20 பைட், உறைக்கு அதே 40 பைட். ஒரு கோலுக்கு 24 கிலோபிட் போதும். ஒருபுறத்தார் ஒன்றையும் மறுபுறத்தார் மற்றொன்றையும் பேசினால் இடையில் மொழிபெயர்க்கும் பணியையும் பெரிய எஸ்.பி.சி.கள் ஏற்கின்றன. காணொளிக்கும் விதி இதுவே. அளவுகள் மட்டும் பலமடங்கு பெருத்தவை.

பாதுகாப்பு விவகாரத்தில் அதன் தொழில் இன்னும் கடுமையானது. பொதுவெளியில் 5060ஐத் திறந்துவைத்த எந்தச் சேவையகத்தையும் தானியங்கி நிரல்கள் வெகுவிரைவிற் கண்டுபிடித்துக் கடவுச்சொற்களை ஊகிக்கத் தொடங்கிவிடும். ஒன்று அகப்பட்டால், இரவோடிரவாகத் தூரதேசத்து விலையுயர்ந்த இலக்கங்களுக்குக் கோல்கள் பாயும். காலையில் ஸ்தாபனத்தின் கணக்கில் பெருந்தொகை நிற்கும். ஒரே இடத்திலிருந்து அளவுக்கு மிஞ்சி வரும் அழைப்புகளைத் தடுப்பதும், பிழையாக ஆக்கப்பட்ட சமிக்ஞைகளை உள்ளே விடாமல் எறிவதும், வெளிப்புறச் சமிக்ஞையை மறைகுறியாக்கி 5061 வழியாக அனுப்புவதும், 2004இல் வகுக்கப்பட்ட எஸ்.ஆர்.டி.பி. விதிப்படி குரலையே மறைகுறியாக்குவதும் வாயிலின் கடமைகளாயின. சட்டம் கோரும்போது ஒட்டுக்கேட்பதற்கு வசதியான இடமும் அதுவே என்பதை இத்துறையின் விற்பனைப் பிரசுரங்கள் அவ்வளவு உரத்துச் சொல்வதில்லை.

இணையத்தின் விதிகளை வகுக்கும் அறிஞர்கள் இச்சாதனத்தை விரும்பி வரவேற்கவில்லை. இருமுனைகளும் நேரே பேசவேண்டும், நடுவிலுள்ள வலையம் வாளாவிருக்கவேண்டும் என்பது அவர்களுடைய மூலக் கொள்கை, எஸ்.பி.சி.யோ நடுவில் நின்று கடிதத்தைத் திருத்தி எழுதுவது. 2010 ஏப்ரிலில் வெளியான 5853ஆம் இலக்க ஆவணம், இயக்குநர்கள் ஏன் இதை நாடுகின்றனர் என்று ஆராய்ந்ததோடு, அதனால் எவை உடைகின்றன என்பதையும் எடுத்துக்காட்டிற்று. அவ்வாதத்தில் இருபக்கத்திலும் நியாயம் உண்டு. ஆயினும் உலகம் கொள்கையாளரின் தீர்ப்புக்குக் காத்திராமல் வேறொரு வழியில் திரும்பியது. வைபர், வட்ஸ்அப் போன்ற செயலிகள் இயக்குநர்களின் வாயில்களைப் பொருட்படுத்தாமல், சமிக்ஞையையும் குரலையும் தங்கள் சொந்த மறைகுறிக்குள் வைத்து அனுப்பின. 2016 ஏப்ரிலில் இவ்விரண்டும் முனைக்கு முனை மறைகுறியாக்கத்தை அறிவித்தன. வாயிலில் நின்றவன் அது முதல் முத்திரையை வாசிக்கமுடியாதவனானான்.

இதன் விளைவை நாடு 2018 மார்ச்சில் கண்டது. கண்டி மாவட்டத்துத் தெல்தெனியவில் தாக்குதலுக்குள்ளான சிங்கள லொறிச் சாரதி ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து, 4ஆந் திகதி திகனயில் முஸ்லிம்களின் கடைகள்மீதும் வீடுகள்மீதும் வன்முறை தொடங்கிப் பிற ஊர்களுக்கும் பரவிற்று. கண்டி மாவட்டத்தில் ஊரடங்குச் சட்டம்; 6ஆந் திகதி நாடு முழுவதற்கும் அவசரகால நிலை; 7ஆந் திகதி பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் ஆகியவற்றுக்குத் தடை; கண்டிப் பகுதியில் இணையத்துக்கே கட்டுப்பாடு. வதந்தியும் தூண்டுதலும் இவ்வழிகளிற் பரவின என்பது பொய்யன்று. பேஸ்புக் நிறுவனமே 2020 மே மாதத்தில் தனது தளம் துஷ்பிரயோகம் செய்யப்பட்டதற்காக வருத்தம் தெரிவித்தது. ஆனால் எல்லையில் நடந்தது என்ன? தாக்குதலுக்கு ஆள் சேர்ப்பவனின் செய்தியும், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயிருந்த குடும்பம் வெளிநாட்டிலிருக்கும் மகனுக்கு 'நாங்கள் உயிரோடு இருக்கிறோம்' என்று சொல்ல எடுத்த கோலும் வாயிலுக்கு ஒரே விதமான பொருளற்ற பைட்டுகளாகவே தோன்றின. பிரித்தறிய இயலாத வாயில் இரண்டையும் அடைத்தது. வி.பி.என். என்னும் சுரங்கவழியைக் கையாளத் தெரிந்தவர்கள் அதன் வழியே போனார்கள். அத்தெரிவு இல்லாத முதியோரே வெளியே நின்றனர். வைபர் முதலிலும், வட்ஸ்அப் அடுத்தும், 15ஆந் திகதி பேஸ்புக்கும் விடுவிக்கப்பட்டன. 2019 ஏப்ரில் குண்டுத்தாக்குதல்களின் பின்னும், 2022 ஏப்ரில் 3ஆந் திகதியும் இதே உபாயம் மீண்டும் கையாளப்பட்டது. நோக்கம் எதுவாயினும் கருவி மொட்டையானது என்பதே எனது அபிப்பிராயம்.

திகனயிலிருந்து மகாவலி கங்கையின் மேற்புறமாகச் சென்றால் அதிக தூரமில்லாத பேராதனையில், இரண்டு ஆண்டுகளுக்குப் பின் இதற்கு நேர்மாறான ஒன்று நடந்தது. 1990இல் மின்னஞ்சல் சேவையாகத் தொடங்கி, நாட்டின் பல்கலைக்கழகங்களை இணைக்கும் வலையமாக வளர்ந்த லேர்ன் நிறுவனத்தின் செயற்பாட்டு நிலையம் பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது. 2020 மார்ச்சில் கொரோனாவினால் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, விரிவுரைகள் சூம் வழியே நடக்கவேண்டியதாயிற்று. மாணவருட் பலரிடம் இருந்ததோ சிறிய டேட்டா பொதியுள்ள கைப்பேசி மட்டுமே. மலைத்தோட்டங்களில் வாழ்ந்தோருக்குச் சிக்னலே அருமை.

சூம் கம்பனி தனது கூட்டங்களின் குரலையும் காணொளியையும் வாடிக்கையாளரின் சொந்தச் சேவையகத்திலேயே கையாள உதவும் இணைப்பிகளை வழங்கியிருந்தது. யார், எந்தக் கூட்டத்துக்கு வருகிறார் என்னும் ஏற்பாட்டுச் சமிக்ஞை கம்பனியின் வெளிநாட்டுச் சேவையகங்களோடு நடக்கும். கனமான ஊடகப் பொதிகள் உள்ளூரிலேயே சுழலும். லேர்ன் இவ்விணைப்பிகளைத் தனது வலையத்துக்குள் நிறுவிற்று. ஒரு விரிவுரையின் காணொளி சிங்கப்பூருக்கோ அமெரிக்காவுக்கோ கடலடி வடம் வழியாகச் சென்று மீளவேண்டிய அவசியம் நீங்கியது, தாமதம் குறைந்தது, வெளிநாட்டு அலைவரிசைக்கான செலவும் மிச்சமாயிற்று. இவற்றினும் பெரிய பயன் ஒன்று உண்டு. அப்பொதிகள் யாவும் லேர்னுக்குரிய முகவரிகளை நோக்கிச் சென்றபடியால், தொலைபேசி இயக்குநர்கள் உள்ளடக்கத்தைத் திறந்து பாராமலே, முகவரியை மட்டும் நோக்கி, 'இது கல்விக்கான பொதி' என்று இனங்காண முடிந்தது. ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் இணக்கத்தோடு அவர்கள் அப்போக்குவரத்துக்கு மாணவரிடம் கட்டணம் அறவிடாது விட்டனர். மறைகுறியை உடைக்காமலே முத்திரை திரும்பக் கிடைத்தது. தடைசெய்வதற்கன்றி வழிவிடுவதற்காக வாயில் இனம் பிரித்த இவ்வரிய நிகழ்ச்சி, எல்லைக் கட்டுப்பாடு என்றவுடன் தணிக்கையை மட்டுமே நினைப்போர் கவனிக்கத்தக்கது.

இலவசக் காலம் நிரந்தரமாக இருக்கவில்லை. சமிக்ஞையின் சாவியும் ஒருபோதும் பேராதனையின் கையில் இருந்ததில்லை. மேலும் 2020 அக்டோபரில் சூம், வேண்டுவோர் தெரிந்துகொள்ளும் வகையில் முனைக்கு முனை மறைகுறியாக்கத்தை அறிமுகப்படுத்தியபோது, அதைத் தெரிந்துகொண்ட கூட்டங்களில் சாதாரணத் தொலைபேசியிலிருந்தோ, சிப், எச்.323 கருவிகளிலிருந்தோ எவரும் சேரமுடியாது என்ற நிபந்தனையும் உடன் வந்தது. பழைய தொலைபேசியின் குரலைப் புதிய கூட்டத்தின் கோடெக்குக்கு மாற்றிக்கொடுக்க நடுவில் உள்ள வாயில் அக்குரலைக் கேட்டாகவேண்டும்; கேட்கவிடாத மறைகுறியின் முன், டேட்டா இல்லாத சாதாரணக் கைப்பேசியோடு வருபவருக்கு அக்கூட்டத்தில் இடமில்லை.